இடக்கைக்கு ஒரு சேர்ட்

சண்டை முடிந்த பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குத் தையல் மெசின் கொடுத்தார்கள். கறுப்பு நிறம், காலால் மிதிக்கிற மெசின். உதவி நிறுவனக்காரர் லொறியில் கொண்டுவந்து இறக்கி, ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல மெசின்கள். இன்றைக்கும் பல வீடுகளில் ஓடுகின்றன. ஆனால் அவை நேராக மட்டும்தான் தைக்கும். ஒரு சேர்ட்டை வெட்டி, கழுத்துப் பட்டி வைத்து, கையைப் பொருத்தி, விளிம்பை மடித்து எல்லாம் செய்துவிடலாம். தெறி ஓட்டை, அதாவது பொத்தான் துளை, அடிக்க முடியாது. அதற்கு ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும்.

மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற என் கடையில் அப்படி ஆடுகிற பழைய மெசின் ஒன்று உண்டு. அதனால் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் இருந்து தைக்கிற பெண்கள் எல்லோரும் கடைசி வேலைக்கு என்னிடம்தான் வருவார்கள். பையில் மடித்த சட்டைகள், ஒரு சின்னப் பொலித்தீனில் தெறிகள். தெறிகளை அவர்களே வீட்டில் தைத்துக்கொள்வார்கள். அளவு பார்ப்பதற்காக எனக்கு ஒன்றைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் என்னை "ஓட்டைக்காரர்" என்று கூப்பிடுவார். அந்தப் பெயர் சந்தை முழுக்கப் பரவி, இப்போது பின்னால் இருந்து அப்படி ஆராவது கூப்பிட்டால் எனக்குத் திரும்பிப் பார்க்க வருகிறது.

நான் முழுத் தையல்காரனாகத்தான் தொடங்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வயல்வேலைக்கு உடம்பு காணாது, வாயும் இல்லை, இவனை மெசினில் இருத்துங்கோ என்று அப்பா சொன்னார். தைக்கப் பழகுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அளவு எடுப்பதுதான் கஷ்டம். நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதருக்குக் கிட்டப் போய், நெஞ்சைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், அவருடைய மூச்சு என் காதில் படும்படி நிற்க வேண்டும். சிலர் அந்த நேரத்தில் கதை கேட்பார்கள். பதில் சொல்வேனா, அளவை நினைவில் வைப்பேனா? நாற்பது வயதைத் தாண்டியபோது, வீட்டுப் பெண்கள் கொண்டுவருகிற ஓட்டை வேலையே நாளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. நாடாவைச் சுருட்டி மேசை லாச்சிக்குள் போட்டேன். ஆட்களைத் தொடாத வேலை. அதுவே எனக்கு நிம்மதி.

ஓட்டை அடிப்பது பார்ப்பதற்குச் சின்ன வேலை. தெறியின் அகலத்தோடு அதன் தடிப்பையும் சேர்த்தால் வருவதுதான் ஓட்டையின் நீளம். மெல்லிய துணி என்றால் அடியில் பத்திரிகைக் கடதாசித் துண்டு ஒன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி சுருங்கி ஓட்டை வாய் கோணும். ஒரு பக்கம் நெருக்கமாகத் தைத்து இறங்கி, அடியில் குறுக்கே கட்டி, மற்றப் பக்கம் ஏறி, மேலேயும் கட்ட வேண்டும். பிறகுதான் நடுவில் வெட்டுவது. பிளேட் ஓடிப்போய்க் குறுக்குத் தையலை அறுக்காமல் இருக்க, கடைசியில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்திவிடுவேன். பிளேட் வந்து ஊசியில் முட்டி நிற்கும். நாள் முழுக்க இதுதான். பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதத்தில் வெள்ளைத் துணி மலைபோலக் குவியும். வெள்ளையில் வெள்ளை நூல். பின்னேரம் ஆகும்போது எது தைத்தது எது தைக்காதது என்று விரலால் தடவித்தான் பார்ப்பேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இடுப்பையும் மாற்றித் தந்தால் நல்லது.

அந்தப் பெண் என்னிடம் வந்துபோகத் தொடங்கி நிறைய வருடம். மெசின் கிடைத்தவர்களில் ஒருத்தி. சுத்தமான தையல், விளிம்பு ஒரு இடத்தில் கூட ஆடாது. அதிகம் கதைக்காதவள் என்பதால் எனக்கு அவளுடைய வேலை என்றால் விருப்பம். அன்றைக்கு நாலு ஆம்பிளைச் சேர்ட்டுகளோடு வந்தாள். மூன்று வெறும் நிறம், ஒன்று நீலக் கோடு போட்டது. பையை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணை, இது அவருக்கு. ஓட்டையைக் கொஞ்சம் பெரிசா அடியுங்கோ."

அவளுடைய கணவருக்கு வலக்கை இல்லை. கடைசிச் சண்டையில் போனது. அந்தத் தோளும் மேலே எழும்பாது. இருக்கிற இடக்கையிலும் இரண்டு விரல்கள் மடங்காது. பள்ளிக்கூடம் ஒன்றில் காவலாளி வேலை. காலையில் கேற் திறப்பது அவர்தான். ஒற்றைக் கையால் சைக்கிள் ஓடிப் போவதைச் சந்தியில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

"பெரிசா அடிச்சா தெறி நிக்காதே, தங்கச்சி," என்றேன்.

"தெரியும். எண்டாலும் ஒண்டில அடிச்சுத் தாங்கோ, பாப்பம்." பிறகு மெசினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் குவைத்துக்குப் போறன் அண்ணை. வீட்டு வேலைக்கு. இவ்வளவு வருசமும் காலமையில நான்தான் தெறி பூட்டி விடுறது."

நான் பையில் இருந்த சேர்ட்டுகளை எடுத்து விரித்தேன். அவள் தொடர்ந்தாள்.

"அவர் தன்ர பிள்ளையைப் பூட்ட விடமாட்டார். எனக்கும் அது விருப்பமில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயசு. தாய் போனவுடன தகப்பனுக்குத் தாயாகிற வேலையை அவளின்ர தலையில கட்டேலாது. சமையல் செய்யட்டும், படிக்கட்டும். இது வேண்டாம். நான் ஏறிப் போறதுக்கு முந்தி அவர் தான் தன்ர சேர்ட்டைப் பூட்டோணும்."

ரீசேர்ட் என்ன பிழை என்று நான் நினைத்ததைக் கண்டுபிடித்தவள்போல, தலையால் இழுத்துப் போடுகிற எதுவும் அந்தத் தோளுக்கு ஏறாது என்றாள். தெறியைப் பூட்டி வைத்துவிட்டு இழுத்துப் போட்டுப் பார்த்தார்களாம். பாதி வழியில் சிக்கி, கண்ணும் தெரியாமல், ஒற்றைக் கையோடு அறைக்குள் சுற்றி நின்றாராம். அக்குள் கிழிந்ததுதான் மிச்சம். செருப்பில் வருகிற ஒட்டுகிற பட்டியையும் தைத்துப் பார்த்தாள். கழற்றும்போது சர்ரென்று சத்தம். "பெடியள் நாய் குரைக்குது எண்டு பகிடி பண்ணுவாங்கள் எண்டிட்டு எறிஞ்சு போட்டார்."

ஒரு சேர்ட்டுக்குப் பெரிய ஓட்டை அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தாள். பூட்டுவதும் கஷ்டம்தான், ஒருபடியாகப் பூட்டினாலும் சைக்கிளில் குனிந்தவுடன் வயிற்றுப் பக்கம் திறந்துவிடுகிறது. அந்த ஓட்டைகளை ஓரத்தில் தைத்துச் சின்னதாக்கினேன். மற்ற இரண்டுக்கும் அளவான ஓட்டை அடித்தேன். நீலக் கோட்டுச் சேர்ட்டை மட்டும் தொடாமல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்றால், அன்றைக்கு அவள் போன பிறகு, கடையின் பின்பக்கத் திரையை இழுத்துவிட்டு, என்னுடைய வலக்கையைச் சாரத்தின் இடுப்புக்குள் செருகிக்கொண்டு, என் சேர்ட்டை இடக்கையால் பூட்டிப் பார்த்தேன்.

முடியவில்லை. ஒரு தெறி கூட இல்லை. ஆம்பிளைச் சேர்ட்டில் ஓட்டை இடப்பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கம்தான் மேலே வரும். அதன் விளிம்பு வலக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வலக்கைப் பெருவிரல் சுகமாக அடியில் போய்த் தெறியைத் தள்ளிவிடும். இடக்கைக்கு அந்த விளிம்பு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சுற்றிவந்து பிடிக்கவேண்டும். எனக்கு எல்லா விரலும் மடங்கியும் வியர்த்துவிட்டது.

மேசையில், திருத்தத்துக்கு வந்த ஒரு பெண்ணின் முன்பக்கம் திறக்கிற சட்டை, ஓட்டை அடித்து, தெறியும் தைத்துக் கிடந்தது. பெண்களின் சட்டையில் எல்லாம் மற்றப் பக்கம். அதை எடுத்து என் தோளில் போட்டு இடக்கையால் பூட்டினேன். முதலாவது போனது. இரண்டாவதும் போனது. பெருவிரல் தானாகவே அடிக்குப் போய்த் தள்ளியது. மூன்றாவதைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது திரை விலகியது. தேநீர்க்கடைக்காரர் கையில் கோப்பையோடு நின்றார்.

"ஐயோ ஓட்டைக்காரர்! வீட்டுக்காரிக்குத் தெரியுமோ இது?"

"அளவு பாக்கிறன்," என்றேன்.

"பாரும், பாரும். பூப்போட்ட துணி உமக்கு எடுப்பாத்தான் இருக்கு. கை எங்க மற்றது?"

இடுப்புக்குள் இருந்து கையை எடுத்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். ஒரு கிழமைக்கு அந்தப் பகிடி சந்தைக்குள் உயிரோடு இருந்தது.

அந்தப் பெண் அடுத்த முறை வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு நீளமாகக் கதைத்துப் பழக்கம் இல்லை. சொல்லி முடித்தபோது அவள் நீலக் கோட்டுச் சேர்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, வலப்பக்கத்தை இடப்பக்கத்தின் மேல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தைக்கிறவள்தானே. தனக்கு முன்னமே இது பிடிபட்டிருக்க வேண்டும் என்று அவள் முகம் சொன்னது.

"அவர் போடமாட்டார் அண்ணை."

"ஓம்."

"பொம்பிளைச் சட்டை எண்டுவார். கை போனதுக்கே ஒரு நாளும் அழேல்லை. இதுக்கு அழுவார்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதில மட்டும் அப்பிடி அடியுங்கோ," என்றாள். "கோட்டுத் துணியில எந்தப் பக்கம் மேல எண்டு கெதியாத் தெரியாது. தெறியை நான் தைக்கிறன். அலுமாரிக்குள்ள எல்லாத்துக்கும் அடியில வைச்சிட்டுப் போறன். நீங்கள் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லிப்போடாதேங்கோ. ஆரும் சொன்னா அவர் செய்யார். தானாக் கண்டெடுத்தா செய்வார்."

அடித்துக் கொடுத்தேன். இவ்வளவு காலத்தில் ஆம்பிளைச் சேர்ட் ஒன்றில் வலப்பக்கத்தில் ஓட்டை அடித்தது அதுதான் முதல் தடவை. கை பழக்கத்தில் மற்றப் பக்கத்துக்கே போனது. இரண்டு முறை துணியைத் திருப்பி வைத்துவிட்டு மீண்டும் எடுத்துச் சரிபார்த்தேன். பிளேட்டால் வெட்டின பிறகு திரும்ப வழி இல்லை.

போவதற்கு முதல் கடைசியாக ஒரு முறை கடைக்கு வந்தாள். வேறு வீட்டுக்குத் தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டுப் போக.

"பழகுறார்," என்றாள். "நேற்று, 'நானே பூட்டுறன், நீ அங்கால பார்' எண்டவர். நானும் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். நிண்டு நிண்டு கால் உளைஞ்சு போச்சு. பூட்டியாச்சு எண்டார். திரும்பினா, ஒரு பக்கம் மேலயும் ஒரு பக்கம் கீழயும், பொக்கற் நெஞ்சுக்கு நடுவில நிக்குது."

"என்ன சொன்னனி?"

"நல்லா இருக்கு எண்டன்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் போனாப் பிறகு பழகிடுவார் என்ன அண்ணை?"

ஓம் என்றேன்.

அவள் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, நான் கடை திறக்கும்போது அவர் வாசலில் சைக்கிளோடு நின்றார். சேர்ட் போட்டிருந்தார். ஒரு தெறியும் பூட்டவில்லை. தோளில் துவாய் ஒன்று நெஞ்சை மறைத்துக் கிடந்தது.

"இந்த ஓட்டையளைக் கொஞ்சம் பெருப்பிக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

"பெருப்பிச்சா நிக்காது."

"ஓமோம். மனிசியும் சொன்னவா."

ஆனால் போகவில்லை. பள்ளிக்கூடக் கேற் திறக்கிற நேரம் நெருங்கியது. வீதியால் வெள்ளைச் சட்டைகள் போகத் தொடங்கின. அவர் துவாயை இழுத்து இழுத்து விட்டார். நான் கடைத் திறப்புக் கொத்தை மேசையில் வைத்தேன். கிட்டப் போய், கீழிருந்து மேலாக, தெறிகளைப் பூட்டினேன். அவர் என் தலைக்கு மேலால் நூல்கட்டைகள் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தார். நான் தெறியைப் பார்த்தேன். சவர்க்கார வாசனை. அவருடைய மூச்சு என் காதில் பட்டது.

மறுநாளும் வந்தார். அன்றைக்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் வந்தார். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் மட்டும் தானாகச் சொன்னார்: "பிள்ளை பூட்டி விடட்டோ எண்டு கேட்டவள். வேண்டாம், நான் போற வழியில நிண்டு பூட்டுவன் எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் வந்துவிட்டால், வேலை தொடங்குவதற்கு முன் எனக்கென்று இருந்த கொஞ்ச நேரமும் போய்விடும். மெசினுக்கு எண்ணெய் விட்டு, ஊசியைப் பார்த்து, பொபினில் நூல் சுற்றி, ஆரோடும் கதைக்காமல் இருக்கிற நேரம் அது. அதற்காகவே வெள்ளனக் கடைக்கு வருகிறவன் நான். அவர் சுமையானவர் இல்லை. நின்று, பூட்டுவித்துக்கொண்டு, "அப்ப வாறன்" என்று போய்விடுவார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பும்போதே அந்த மூச்சு காதில் படுவது நினைவுக்கு வரும். நாடாவைச் சுருட்டி வைத்தவனுக்கு இது தேவையா என்று தோன்றும். நான் களைத்துப்போனேன். பள்ளிக்கூடத் துணியும் அந்த நேரத்தில்தான் குவிந்து கிடந்தது.

தேநீர்க்கடைக்காரர் விடுவாரா? "என்ன ஓட்டைக்காரர், காலமையில மாப்பிள்ளை அலங்காரம் நடக்குது. பொட்டும் வைச்சு விடுமன்," என்று கத்துவார். அவர் போன பிறகுதான் கத்துவார், முன்னால் இல்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் குவைத்தில் இருந்து அழைப்பு வரும். அங்கே இன்னும் விடிந்திருக்காது, அவள் வேலைக்கு எழும்புகிற நேரம். அவருக்கு இருப்பது ஒரு கை என்பதால் போனை என் வெட்டுமேசையில் வைத்து, சத்தத்தைத் திறந்துவிட்டுக் கதைப்பார். அவளுடைய குரல் மேசையில் இருந்து வரும்.

"எழும்பிட்டியளோ? பிள்ளை சாப்பிட்டவளோ?"

"சாப்பிட்டவள். பாண் வாங்கிக் குடுத்தனான்."

"தெறி பூட்டியாச்சோ?"

"ஓம், பூட்டியாச்சு."

அப்போது நான் மூன்றாவது தெறியில் இருப்பேன். மூச்சை அடக்கிக்கொள்வேன். ஒரு நாள் எனக்குத் தும்மல் வந்து, வாயைத் தோளில் புதைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றி சொன்னாரோ மன்னிப்புக் கேட்டாரோ தெரியாது.

அலுமாரியின் அடியைப் பாருங்கோ என்ற ஒரு வசனம் என் நாக்கில் பலநாள் வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் அவள் சொன்னது நினைவுக்கு வரும். ஆரும் சொன்னால் அவர் செய்யார். சொல்லி, அவர் அதை எடுத்து எறிந்துவிட்டால், அவள் வைத்துவிட்டுப் போன ஒரே வழியும் அடைபட்டுப்போகும். சொல்லாமல் விட்டால் நான் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே இருந்தது.

மழை தொடங்கியது. சந்தை வாசலில் தண்ணீர் நின்றது. ஊரெல்லாம் காய்ச்சல், எனக்கும் வந்தது. மூட்டெல்லாம் கழன்றதுபோல் கிடந்தேன். மனைவி கஞ்சி வைத்துத் தந்தாள், கடைத் திறப்பை எடுத்து ஒளித்துவைத்தாள். முதல் நாள் காலையில் கண் விழித்தவுடன் எனக்கு வந்த நினைப்பு, அவர் வாசலில் நிற்பார் என்பது. நான் இல்லாத கடை வாசலில், மழையில், துவாயைப் போட்டுக்கொண்டு. பிறகு எங்கே போவார்? தேநீர்க்கடைக்காரரிடம் கேட்கமாட்டார். திரும்ப வீட்டுக்குப் போனால் பிள்ளை நிற்கும்.

"ஆரோ கையில்லாத ஆள் உங்கட கடையடியில நிண்டவராம்," என்று மனைவி பின்னேரம் சொன்னாள். "தேத்தண்ணிக் கடைக்காரர் ரோட்டில கண்டு சொன்னவர். ஆள் கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுத் திரும்பிப் போயிட்டாராம். என்ன விசயம்?"

"ஒண்டும் இல்லை. சேர்ட் விசயம்."

"காய்ச்சலோட கிடந்து சேர்ட்டுக்குக் கவலைப்படுற மனிசனை நான் இப்பத்தான் பாக்கிறன்," என்று போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

திரும்பிப் போனார் என்றால் வீட்டுக்குத்தான் போயிருப்பார். அந்தப் பிள்ளை தகப்பனுக்கு முன்னால் நின்று, அண்ணாந்து தெறி பூட்டுகிற மாதிரி காய்ச்சலுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. தாய் அந்தத் தூரத்தில் இருந்து கேட்கிறாள், பூட்டியாச்சோ என்று. எனக்கு வாய் கசந்தது. காய்ச்சலில் எல்லாம் கசக்கும்தான்.

கால் நிலத்தில் ஊன்றக்கூடியதாக வந்தவுடன் கடைக்குப் போனேன். கதவைத் திறந்து, ஈரமணத்தைப் போகவிட்டு, கதிரையில் இருந்தேன். ஊசிக்கு நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. துவாய் இல்லாமல் உள்ளே வந்தார். சேர்ட் பூட்டியிருந்தது. நீலக் கோடு.

எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. வலப்பக்கம் மேலே, இடப்பக்கம் கீழே. தெறிகள் எல்லாம் அந்தந்த ஓட்டையில். கழுத்துத் தெறி மட்டும் திறந்து கிடந்தது, அது திறந்துதான் கிடக்கும்.

"காய்ச்சல் மாறிட்டுதோ?" என்றார்.

"ஓம், இப்ப பரவாயில்லை."

"நான் வந்தனான். கடை பூட்டியிருந்தது. திரும்பிப் போய், துவாயில்லாமல் வேற ஏதும் போடலாமோ எண்டு அலுமாரியைக் கிளறினன். இது அடியில கிடந்தது." நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் காட்டினார். "பாருங்கோ. மனிசி மாறித் தைச்சுப்போட்டா."

நான் பார்த்தேன்.

"போற அவதியில செய்திருப்பா. இவ்வளவு காலம் தைக்கிறவ, ஒரு பிழை விடமாட்டா. இதில விட்டிட்டா. ஆனா அண்ணை, இதைக் கேளுங்கோ, பிழையாத் தைச்சதுதான் எனக்குச் சரியா வந்திருக்கு. கை லேசாப் போகுது. முதல் நாள் நேரம் எடுத்ததுதான், இப்ப நிண்ட நிலையில பூட்டுறன்."

அந்த ஓட்டைகளை அடித்தவன் நான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கைவேலையைப் பார்த்து அடித்தவனை நினைக்க, அவர் தையல்காரர் இல்லையே.

"பள்ளிக்கூடத்தில ஆரும்..." என்று இழுத்தேன்.

"ஒருத்தரும் பாக்கேல்லை. அதைத்தான் நானும் யோசிச்சனான். அவ்வளவு பெடியள் கேற்றால போறாங்கள், ஒருத்தன் கண்ணிலயும் படேல்லை. அதிபர் முன்னால நிண்டு கதைச்சவர். என்ர முகத்தைத்தான் பாத்தார்." குரலைத் தாழ்த்தினார். "அப்பிடி ஆரும் கேட்டா, மனிசியின்ர சட்டையை மாறிப் போட்டிட்டன் எண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். இத்தனை நாள் முகத்துக்கு முகம் நின்றும் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். எந்தப் பக்கம் மேலே என்று பார்க்கிறது தையல்காரருக்கு மட்டும் உள்ள வியாதிபோல இருக்கிறது.

"அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார். "பிழை விட்டிட்டன் எண்டு அங்க இருந்து யோசிப்பா."

"சொல்லமாட்டன்."

போன் அடித்தது. வழக்கம்போல வெட்டுமேசையில் வைத்துச் சத்தத்தைத் திறந்தார்.

"எழும்பிட்டியளோ?"

"எழும்பி வெளிக்கிட்டாச்சு."

"பிள்ளைக்கு இருமல் எப்பிடி?"

"நிண்டிட்டுது."

"தெறி பூட்டியாச்சோ?"

"ஓம், பூட்டியாச்சு."

அதே சொல், அதே குரல். நான் கதிரையில் கையை மடித்துக்கொண்டு இருந்தேன்.

"எது போட்டிருக்கிறியள் இண்டைக்கு?"

"நீலக் கோடு போட்டது."

மேசையில் சத்தம் இல்லை. பின்னால் எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது, குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள் போல. அவர் போனைத் தூக்கிப் பார்த்து மீண்டும் வைத்தார்.

"என்ன, கட்டாப் போச்சோ? இருக்கிறியோ?"

"இருக்கிறன்."

"ஏன் கதைக்காமல் நிக்கிறாய்?"

"ஒண்டும் இல்லை," என்றாள். "அது உங்களுக்கு வடிவா இருக்குமே எண்டு யோசிச்சன். வைக்கிறன், இஞ்ச வீட்டுக்காரர் எழும்பப் போயினம்."

அவர் போனைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, "அவவுக்கு அங்க நித்திரை காணாது," என்றார். நான் ஓம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். காய்ச்சல் விட்ட உடம்பு, எல்லாவற்றுக்கும் கண் கலங்கும்.

மறுநாள் மற்ற மூன்று சேர்ட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். இந்தப் பக்கமாக மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் லேசான வேலை இல்லை. வெட்டின ஓட்டையை மூட வேண்டும். இரண்டு வாயையும் ஒட்டப் பிடித்து, கையால் நெருக்கமாகத் தைத்து, அடியில் அதே துணித் துண்டு ஒன்று கொடுக்க வேண்டும். எப்படித் தைத்தாலும் தழும்பு தெரியும். ஆனால் பக்கம் மாறும்போது அந்த ஓரம் அடிக்குப் போய்விடும். போதாததற்கு, தெறி வர வேண்டியதும் அந்த இடத்தில்தான். மூடிய ஓட்டை ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு தெறியை வைத்துத் தைத்தேன். மற்றப் பக்கத்தில், தெறி பிடுங்கின இடங்களில், புது ஓட்டை அடித்தேன். பள்ளிக்கூடத் துணியை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் செய்தேன். வெள்ளைக் குவியலுக்குச் சொந்தக்காரிகள் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அவர் கடைக்கு வருவதில்லை. வர வேண்டிய தேவை இல்லை. நான் பழையபடி வெள்ளனப் போய், எண்ணெய் விட்டு, பொபின் சுற்றி, ஆரோடும் கதைக்காமல் இருக்கிறேன். இடுப்பு வலி குறையவில்லை. கண்ணாடி இன்னும் மாற்றவில்லை. வீதியில் வெள்ளைச் சட்டைகள் தொடங்குவதற்கு முதல் அவருடைய சைக்கிள் கடையைத் தாண்டிப் போகும். அவருக்குக் கை காட்ட முடியாது. இருக்கிற கை ஹாண்டிலில். மணியை ஒரு தரம் அடிப்பார்.

தேநீர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை போறார்," என்பார். நான் தலையைத் தூக்காமலே நூலைக் கோர்த்துக்கொண்டிருப்பேன்.